துருவை விடுங்க, முதலில் உப்பை எடுங்க

போன மாசி மாதம் நாகர்கோவில் கோட்டாறு பக்கம் பழைய சாமான் விற்கிற ஒரு ஆக்கர் கடையில் மூன்று சாமான் வாங்கினேன். அட்டை டிக்கெட்டில் தேதி குத்துகிற வார்ப்பிரும்பு மெஷின் ஒன்று. ஒரு ஸ்டேஷனில் இருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துத் தகவல் சொல்கிற பிளாக் பெல் ஒன்று, தேக்குப் பெட்டிக்குள் சுருள்களும் முகப்பில் முள் ஆடும் கால்வனோமீட்டரும் உச்சியில் மணியுமாக. அப்புறம் சிவப்பும் பச்சையும் மாற்றிக் காட்டுகிற கை விளக்கு. மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தன, நல்ல செம்மண் நிறம்.

ஏலத்தில் எடுத்த காகிதத்தின் நகலும் பில்லும் கடைக்காரர் கொடுத்தார், அதனால்தான் வாங்கினேன். ரயில்வே பொருளை முறையில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கி 1966-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, ஆகவே இந்த மாதிரி சாமான் மேல் ஆசை உள்ளவர்கள் காகிதம் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

எங்கள் பாட்டா செங்கோட்டை–கொல்லம் மீட்டர் கேஜ் பாதையில், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். 1904-ல் திறந்த பாதை அது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மலை ஏறுகிற பகுதியை 2010-ல் அகலப் பாதை வேலைக்காக மூடினார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு. திருநெல்வேலிப் பக்கம் இணைந்தது 1981-ல். அதனால் பாட்டா காலத்தில் இங்கே ஒருவருக்கு ரயில் வேலை என்றால் ஊரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். லீவுக்கு வரும்போதெல்லாம் டோக்கன் பந்தைப் பற்றிச் சொல்வார். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம், அதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு பந்து, நீல்ஸ் டோக்கன் கருவியில் இருந்து அது வெளியே வர வேண்டும் என்றால் இந்தப் பக்கத்து மாஸ்டரும் அந்தப் பக்கத்து மாஸ்டரும் மணி அடித்து ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் அதைப் பையில் போட்டு வளையத்தோடு டிரைவர் கைக்கு எட்டிக் கொடுப்பார்கள். எத்தனை தடவை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று பாட்டா திண்ணையில் விரலால் தட்டிக் காட்டுவார். கடையில் அந்தப் பெல்லைப் பார்த்ததும் எனக்குத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அந்த முள் ஆட வேண்டும், மணி அடிக்க வேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பழைய தந்தி ரிலே என் கையில் வந்து, அதை நான் கெடுத்தேன். துருவுக்கு வினிகர் நல்லது என்று யாரோ சொன்னார்கள், சரி என்று ஒரு வாளியில் வினிகரை ஊற்றி ரிலேயை அப்படியே முழுசாக முக்கி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எடுத்தபோது இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாக வந்திருந்தது. ஆனால் பித்தளைத் திருகுகள் செம்பு நிறத்துக்குப் போயிருந்தன, ஈயப் பற்று வைத்த இடமெல்லாம் வெள்ளை மாவு பூத்திருந்தது, அடிப்பலகை இரும்புக் கறை ஏறிக் கறுத்துவிட்டது. பருத்தி நூல் சுற்றிய செம்புச் சுருளுக்குள் போன ஈரம் வெளியே வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் உள்ளே எங்கேயோ கம்பி அறுந்துகிடந்தது. தலைமுடி மாதிரியான கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று, எந்தச் சுற்றில் போனது என்று யார் கண்டுபிடிப்பது? யாரோ ஒருத்தர் பொறுமையாகச் சுற்றி வைத்த சுருள் அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் இப்போதெல்லாம் எதையும் எந்தத் திரவத்திலும் போடுவதற்கு முன்னால், கையில் இருப்பது எத்தனை பொருள் என்று உட்கார்ந்து எண்ணுகிறேன். இந்தப் பெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு, சுருளுக்கு நடுவில் தேனிரும்பு, காந்தத்துக்கு எஃகு, வில்லுக்கு வேறு எஃகு, பித்தளை, செம்பு, தொடுமுனையில் வெள்ளி, ஈயப் பற்று, எபோனைட் என்கிற கெட்டி ரப்பர், அரக்கு, பருத்தி நூல், தேக்கு, கண்ணாடி, எண் எழுதிய காகிதம். மொத்தம் பதினான்கு. இரும்பைக் காப்பாற்றுகிற ஒவ்வொரு மருந்தும் இதில் இரண்டு மூன்றையாவது சாப்பிட்டுவிடும். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம் துத்தநாகப் பூச்சைக் கரைக்கும், பற்றை அரிக்கும். வாஷிங் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, ஆனால் அலுமினியம் இருந்தால் அதை அரித்துவிடும். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். அமோனியா கலந்த பாலிஷ் இழுபட்டு நிற்கிற பித்தளையில் நாள்பட விரிசல் விடவைக்கும். தண்ணீரே பருத்திச் சுருளுக்கு விஷம்தான். ஆகவே கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்ற முடியாததை நனைக்காமல் செய்ய வேண்டும்.

இனி உப்பு விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நம்ம ஊர்த் துருவுக்கும் மதுரைத் துருவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே காற்றே உப்பு. அந்த உப்பு துருவுக்கு அடியில், இரும்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்புப் பரணி கசிவது எல்லோர் வீட்டிலும் பார்த்ததுதான். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துவிடும். நம்ம ஊரில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். அப்படியென்றால் உப்பு ஏறிய இரும்பு இங்கே வருடம் முழுக்க உள்ளுக்குள் நனைந்தபடியேதான் கிடக்கிறது. மேலே தெரிகிற துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, பெயின்ட் அடித்து வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பெயின்டுக்கு அடியில் குமிழ் கிளம்பும், குமிழை உடைத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி நிற்கும். அந்தத் துளியைப் பார்த்தால் உப்பில் இருக்கிற குளோரைடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொளச்சல், முட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

தேதி மெஷினில் இருந்து ஆரம்பித்தேன், ஏனென்றால் மூன்றில் அதுதான் முரடு. எட்மண்ட்சன் டிக்கெட் என்று சொல்கிற அந்தச் சின்ன அட்டை, சுமார் 57-க்கு 30 மில்லிமீட்டர், அதைப் பல்லுக்குள் தள்ளினால் டக் என்று ஒரு சத்தத்தோடு தேதி விழும். கம்ப்யூட்டர் டிக்கெட் வருவதற்கு முன்னால் ஊர் பார்க்கப் போன யாருக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கும். உள்ளே தேதி எழுத்து வெட்டிய சக்கரங்கள், மை நாடா சுற்றும் உருளை, இரண்டு வில்.

திருகைக் கழற்றுவதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் கலந்து, ஒவ்வொரு திருகின் தலையைச் சுற்றியும் காலையும் மாலையும் ஒரு சொட்டு, ஒரு வாரம். அதற்குள் திருகின் பள்ளத்தை ஈர்க்குச்சியால் சுத்தமாகத் தோண்டி எடுத்தேன். திருப்புளியின் முனையை அந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி அரத்தில் தேய்த்துக்கொண்டேன். தலை மழுங்கிய திருகை வெளியே எடுப்பது துருவைவிடப் பெரிய வேலை, ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் கூடாது. இன்னொன்று, இந்த மாதிரி பழைய பிரிட்டிஷ் வார்ப்புக் கருவிகளில் சின்னத் திருகு பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை, பெரிய போல்ட் விட்வொர்த் மரை. பி.ஏ. மரையின் கோணம் 47.5 டிகிரி, விட்வொர்த் 55 டிகிரி, இப்போது கடையில் கிடைக்கிற மெட்ரிக் 60 டிகிரி. ஒரு திருகு தொலைந்துவிட்டது என்று மெட்ரிக் திருகை வைத்து முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் பித்தளை மரையை அறுத்துக்கொண்டு போய்விடும். நான் கழற்றுகிற ஒவ்வொன்றையும் எங்கே இருந்தது என்று எழுதித் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். படமும் எடுத்தேன், நாற்பதுக்கு மேல்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணே இவ்வளவு கஷ்டப்படுதிய, கார்னெட் மணல் அடிச்சா அரை மணி நேரத்து வேலை" என்றார். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் இருந்து பிரிக்கிற அதே கார்னெட்தான், அழுத்தக் காற்றோடு பீய்ச்சி அடித்தால் இரும்பில் இருந்து துருவையும் பெயின்டையும் உரித்துவிடும். கப்பல் தகட்டுக்கும் பாலத்துக்கும் அருமையான முறை. ஆனால் அது துருவுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் பார்க்காது. என் நண்பர் ஒருவர் சிக்னல் லீவர் மேலே இருந்த வார்ப்புப் பலகையை ஒரு பட்டறையில் அப்படிக் கொடுத்தார், திரும்பி வந்தபோது எழுத்தின் விளிம்பெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி இருந்தது. தேதிச் சக்கரத்தில் அப்படி அடித்தால் எழுத்தே இருக்காது.

அடித்தட்டுக்கும் கைப்பிடிக்கும் மட்டும் மின்சாரம் வைத்தேன். முறை எளிது. பிளாஸ்டிக் தொட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கம்பி துருப்பிடித்த பொருளுக்கு, பாசிட்டிவ் கம்பி வேண்டாத ஒரு இரும்புத் துண்டுக்கு, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்ல பொருள் கரையும், வேண்டாத துண்டு பளபளக்கும், ஆகவே சுவிட்ச் போடுமுன் இரண்டு தடவை பாருங்கள். வேண்டாத துண்டாக எவர்சில்வர் வைக்கவே வைக்காதீர்கள், அதில் இருந்து நச்சுள்ள குரோமியம் தண்ணீருக்குள் வரும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பும் வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும், போதாததற்கு நாம் வெளியே எடுக்க நினைக்கிற குளோரைடை நாமே உள்ளே போட்டதாகும். மேலே வருகிற குமிழ் ஹைட்ரஜன், அதனால் மூடிய அறைக்குள் செய்யக் கூடாது, பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், துருவைத் தளர்த்துவதோடு அடியில் இருக்கிற குளோரைடையும் அது வெளியே இழுக்கும். ஒரு ராத்திரி விட்டு எடுத்தால் துரு கறுப்புச் சேறாக மாறியிருக்கும், பனந்தும்பு பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும்.

மெஷினின் முகப்பை அதில் போடவில்லை. அதில் பழைய பெயின்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது, எஸ்.ஆர். (சதர்ன் ரயில்வே) என்ற எழுத்துக்குள் சிவப்பு. சோடாவும் மின்சாரமும் சேர்ந்தால் பெயின்ட் முழுக்க உரிந்துவிடும். அது மட்டுமில்லை, அந்தக் காலத்துச் சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீட்டில் குழந்தைகள் தவழுகிற தரையில்தான் போய்ப் படியும். எண்ணெய் தடவி ஈரமாக வைத்து, பெயின்ட் இல்லாத இடங்களில் மட்டும் பித்தளைத் தகட்டின் விளிம்பால் துருவைச் சீவி எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

வில்களை அமிலத்திலும் போடவில்லை, மின்சாரத்திலும் போடவில்லை. இரண்டிலுமே ஹைட்ரஜன் உண்டாகிறது, அது கடினமாக்கிய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மாட்டி நாலு தடவை அழுத்தினால் டப்பென்று உடையும். வில்லுக்கு எண்ணெயும் மிக நைசான ஸ்டீல் உல்லும் பொறுமையும் மட்டும்தான்.

தேதிச் சக்கரங்கள்தான் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்தன. நாள் எண்ணும் மாதமும் மங்கலாகத் தெரிந்தன, வருடச் சக்கரம் துருவில் புதைந்திருந்தது. சித்தப்பா மகன், "சுத்திப் பாத்தா என்ன, எல்லா எண்ணும் தெரிஞ்சிரும்லா" என்றான். நான் சுற்றவிடவில்லை. அந்த மெஷினைக் கடைசியாகத் தொட்ட புக்கிங் கிளார்க் விட்டுப்போன தேதி அது. சுற்றினால் எண்ணெல்லாம் தெரியும், அவர் விட்டுப்போன நாள் போய்விடும். சக்கரம் இருக்கிற இடத்திலேயே, ஈர்க்குச்சியின் நுனியைச் சீவிக்கொண்டு, எண்ணெய் தொட்டுத் தொட்டு, எழுத்தின் பள்ளத்தில் மட்டும். இரும்பு ஊசி அதற்கு வேண்டாம், கீறும். வருடத்தில் முதல் மூன்று எண் வந்துவிட்டது. கடைசி எண் இருந்த இடம் முழுக்கக் குழி விழுந்துவிட்டது, துருவை எடுத்தால் எண்ணும் கூட வந்துவிடும் போல இருந்ததால் நிறுத்திவிட்டேன்.

அடித்தட்டை அதற்கப்புறம் கழுவினேன். லிட்டருக்கு 50 கிராம் சோடா போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றி, நாலு வாரம். வார்ப்பிரும்பு பஞ்சு மாதிரி, அதன் நுண்துளையில் போன உப்பு அவசரப்படுத்தினால் வராது. அமிலத்தில் போட்ட வார்ப்பிரும்பை நான் நம்பாததும் இதனால்தான், துளைக்குள் அமிலம் தங்கிக்கொள்ளும், மேலே இரும்பு கரைந்து கிராஃபைட் மட்டும் கறுப்பாக மிஞ்சும். சோடாவை நன்றாகக் கழுவிவிட்டு, பேட்டரி கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டரைச் சூடாக்கி அதில் அரை மணி நேரம் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஆகாது, நம்ம பக்கம் பாதிக் கிணற்றில் உப்புதான். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட வேண்டும், பள்ளிக்கூட லேபில் செய்த அதே சோதனைதான். பால் மாதிரி கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. சோடா மிச்சமிருந்தாலும் கலங்கும், அதனால்தான் முதலில் சோடாவைக் கழுவச் சொன்னேன். முதல் தடவை நன்றாகவே கலங்கியது. இன்னும் இரண்டு வாரம் சோடா. அடுத்த தடவை தெளிவாக நின்றது. அந்தத் தெளிந்த டம்ளரைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பளபளக்கிற இரும்பைப் பார்த்துக்கூட எனக்கு வந்ததில்லை. (சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துப் பல நாள் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.)

சூடான தண்ணீரில் இருந்து எடுத்ததும் துடைத்து, உடனே மொட்டை மாடியில் பங்குனி வெயிலில் தகரத்தின் மேல் வைத்தேன். தாமதித்தால் கண் முன்னாலேயே மஞ்சள் துரு படரும். பிரஷ் எட்டாத உட்பக்கத்துக்குக் கடுக்காய். கடுக்காயை இடித்து டிஸ்டில்டு வாட்டரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, மூன்று தடவை. அதில் இருக்கிற டானின் மிச்சத் துருவோடு சேர்ந்து நீலக் கறுப்பில் ஒரு படலமாக நிற்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் ஆட்கள் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. அருங்காட்சியகங்களில் டானிக் அமிலம் என்று பயன்படுத்துவதும் இந்த வகைதான். உப்பைக் கழுவாமல் இதைத் தடவினால் கறுப்புக்கு அடியில் இருந்து ஆரஞ்சு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெல்லுக்கு வருகிறேன். இதில் முதல் வேலை இடம் மாற்றுவது. இரும்பு தேய்த்த அறையில் காந்தம் உள்ள கருவியைத் திறக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் கால்வனோமீட்டரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் முள் தடுக்கும், அதை எடுப்பது பெரும் பாடு. ஸ்டீல் உல் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருந்த தூளை ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். காந்தத்தைத் தட்டவும் சூடாக்கவும் கூடாது, பலம் குறையும்.

தொடுவதற்கு முன்னாலேயே மல்டிமீட்டரில் இரண்டு சுருளையும் அளந்து எழுதி வைத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியது, அந்த நிமிடமே பாதிப் பயம் போனது. சுருள் மேல் தூசியை மட்டும் பூனைமுடி பிரஷ்ஷால் தட்டினேன், ஈரம் கிடையாது, ஸ்பிரிட் கிடையாது, எண்ணெய் கிடையாது. சுருளுக்கு நடுவில் இருக்கிற தேனிரும்பு முனையில் துரு இருந்தது, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டிவிட்டு, மூங்கில் குச்சியில் பிசுக்கில்லாத மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன்.

அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். ஆடுகிற இரும்புத் தகட்டுக்கும் சுருள் முனைக்கும் நடுவே ஒரு துளியளவு பித்தளைக் குமிழ் இருக்கும். துருக் கட்டி என்று நினைத்து அதைத் தேய்த்துவிடாதீர்கள். இரும்பும் இரும்பும் நேரடியாகத் தொட்டால், மின்சாரம் நின்ற பிறகும் மிச்சக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும், மணி ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும். அதைத் தடுக்க வைத்த இடைவெளிதான் அந்தக் குமிழ். நான் கெடுத்த ரிலேயில் அது இருந்ததா என்றுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை, அப்போது பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளித் தொடுமுனை கறுத்திருந்தது. உப்புத்தாள் போட்டால் வெள்ளி போய்விடும், அதற்கு விசிட்டிங் கார்டைப் பட்டையாக வெட்டி, ஒரு நுனியில் ஸ்பிரிட் தொட்டு, இரண்டு முனைக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். கறுப்பு காகிதத்தில் வந்துவிடும். எபோனைட் குமிழைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், வெளிச்சமும் ஈரமும் பட்டால் அதில் இருக்கிற கந்தகம் அமிலமாகி மேலே வரும், பழுப்பாகும். பக்கத்தில் இருக்கிற இரும்பையும் அது அரிக்கும்.

முள் சுழலும் முனைக்கு எண்ணெய் விடலாமா என்று வடசேரியில் கடிகாரம் பார்க்கிற அண்ணாச்சியிடம் கேட்கப் போனேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கூடிப்போய்த்தான் பாதிக் கடிகாரம் எங்கிட்ட வருது பாத்துக்கிடுங்க. இதுக்கு ஒண்ணும் விடாண்டாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நம்ம வீடுகளில் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும், பூட்டு, கீல், தையல் மெஷின் எதுவானாலும். கருவிக்கு அது ஆகவே ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நாள்பட்டால் சிக்கெடுத்துப் பிசினாகும், அந்தச் சிக்கில் உண்டாகும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

கை விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தகரத்தில் ஈயப் பற்று வைத்துச் செய்தது, அதனால் புளி, வினிகர் எதுவும் கிடையாது. தகரத்தின் வெள்ளீயப் பூச்சு ஏற்கெனவே மெலிந்துபோயிருக்கும், தேய்த்தால் ஓட்டை விழும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கரியையும் தளர்ந்த துருவையும் துடைத்தேன், கண்ணாடிகளைக் கழற்ற முயலவில்லை, பச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அதை அழுத்த மனசு வரவில்லை. அது போதும்.

கடைசியில் பூச்சு. மார்த்தாண்டத்தில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது, முதலில் அதைத்தான் நினைத்தேன், ஆனால் தேன்மெழுகிலும் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, பித்தளை மேல் வருடக்கணக்கில் நின்றால் பச்சை தட்டும். அந்த அமிலம் இல்லாத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு வரவழைத்து, இரும்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிசாகத் தடவித் துணியால் தேய்த்துவிட்டேன். வெறுங்கையால் தொடுவதில்லை, வியர்வையும் உப்புதான்.

தேதி மெஷின் முடிந்துவிட்டது. பழைய அட்டை டிக்கெட் அளவுக்கு வெட்டிய அட்டையை நாடா இல்லாமல் தள்ளிப் பார்த்தேன், சத்தம் அதேதான். பெல்லின் இயக்கப் பகுதியை இன்னும் பெட்டிக்குள் பூட்டவில்லை. தேக்குப் பெட்டியின் அடிப்பக்கம் இரண்டு ஆணியைச் சுற்றி இன்னும் ஈரம் இருக்கிற மாதிரி தோன்றுகிறது, எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டது, இந்த ஈரக் காற்றில் மூடிவிட்டால் உள்ளே ஈரத்தையும் சேர்த்துப் பூட்டினதாகும். ஆகவே சுருள்களும் கால்வனோமீட்டரும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு, ஈரப்பதமானியும் வைத்து அலமாரியில் இருக்கின்றன. இன்று காலை பார்த்தபோது டப்பாவுக்குள் 41 சதவீதம், வெளியே 88. மழை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் பெட்டியைக் காயவைத்துப் பூட்டுவேன்.